நம்ம மலை ஊர் சங்கம் – செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷ ரிப்போர்ட் ரொம்ப நீளம்னு தலைவரம்மா சொன்னதால வரவு செலவை பொருளாளர்கிட்டயே விட்டுட்டேன். கூட்டம் மாசா மாசம் நடந்துச்சு, மழையில ஒண்ணு மட்டும் தள்ளிப்போச்சு.

இந்த வருஷம் நாம ஓடினதெல்லாம் பச்சப்புள்ளைங்க விஷயமாத்தான். இப்ப பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிடுறோம், சரி, ஆனா டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தப்புறம்தான் கண்டமே, 28 நாளுக்குள்ள போற புள்ளைங்கள்ல முக்கால்வாசி முதல் வாரத்துலயே போயிடுதுனு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

முதல்ல கர்ப்பிணிங்களைக் கூப்பிட்டுப் பேசினோம், தலையாட்டிட்டுப் போனாங்க, வீட்ல ஒண்ணும் மாறல. ஏன்னா சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்கிறது, கழுதைப்பால் ஊத்துறது, சீம்பாலைப் பீச்சிக் கீழ விடச் சொல்றது எல்லாம் மாமியாருங்கதானே (நானும் ஒரு மாமியார்தான், கோச்சுக்காதீங்க). அதனால ஆடியில இருந்து அவங்களை மட்டும் கூப்பிட்டோம். ஒரு பாட்டி, "நான் ஆறு பெத்தவ, எனக்கே சொல்லித் தர்றியா"ன்னாங்க. நம்ம ஊர் சுகாதாரப் பணியாளர் ஆஷா அக்கா மெதுவா, "ஆறுல எத்தனை தங்குச்சு பாட்டி?"ன்னு கேட்டாங்க. "நாலு." அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசல. அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பாட்டிதான் முதல் ஆளா வந்து பாய் விரிச்சாங்க.

ஐப்பசியில ஒரு வீட்ல ரெண்டு கிலோ கூட இல்லாத புள்ளைய அனுப்பிட்டாங்க, எந்த ஆஸ்பத்திரினு இங்க வேணாம், நெஞ்சோட போட்டு வச்சுக்கணும்னு தாய்க்கு யாரும் சொல்லல. மூணாம் நாள் ஆஷா அக்கா போனா புள்ள பால் குடிக்கல, உள்ளங்கால் சுனைத்தண்ணி மாதிரி ஜில்லுனு இருக்கு. சட்டையைக் கழட்டி தாயோட வெறும் நெஞ்சுல ஒட்டி வச்சு மேல போர்வையைச் சுத்திட்டு, சிக்னல் பாறை மேல ஏறி 108க்கு போன் போட்டாங்க. வண்டியிலயும் அப்படியேதான் போச்சு. இப்ப அந்தப் புள்ள தவழுது, பின்னாடி வரிசையில சத்தம் போடுறது அதான்.

அதுக்கப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரெண்டு விஷயம் கேட்டோம். டிஸ்சார்ஜ் அன்னைக்கே ஆஷாவுக்கு போன் பண்ணணும், அது நடக்குது, டாக்டரம்மாவுக்கு நன்றி. எடையும் எப்ப திரும்ப வரணும்ங்கிறதும் தமிழ்ல எழுதித் தரணும்னு கேட்டது இன்னும் நடக்கல, போய்க்கிட்டே இருக்கோம்.

ராத்திரியில பாறைக்கு ஏற ஒரு லைட் வேணும்னு பஞ்சாயத்துல மனு குடுத்து நாலு மாசம் ஆச்சு. கம்பம் வந்து கிடக்கு, வயர்தான் வரல.