ஆளோடு ஒரு தாளும் அனுப்புங்கள்

இராமேஸ்வரம் தீவிலிருந்து தொண்டி, சாயல்குடி வரைக்கும் முதியோர் இல்லம் நடத்தும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம்.

இந்த மாவட்டத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் நான். பெற்ற பிள்ளைகளே பார்க்காதவர்களுக்கும் நீங்கள் சோறு போட்டு, படுக்க இடம் கொடுக்கிறீர்கள். அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன். ஒரு பெரியவரை 108-இல் ஏற்றும்போது, அவரைப் பற்றித் தெரிந்த ஒருவரையும், அவர் விவரம் எழுதிய ஒரு தாளையும் கூடவே அனுப்புங்கள்.

ஒரு பாட்டி ராத்திரி இரண்டு மணிக்குப் பாம்பன் பாலம் தாண்டி எங்களிடம் வந்தார். கூட வந்தவர் இல்லத்து வாட்ச்மேன். வேலைக்குச் சேர்ந்து நாலே நாள். பேர் கேட்டதற்கு, "எல்லாரும் பாட்டினுதான் கூப்பிடுவாங்க" என்றார். மஞ்சப்பையில் ஒரு சேலை, ஒரு டம்ளர், விபூதிப் பொட்டலம். மருந்துச் சீட்டு இல்லை. ரத்தச் சர்க்கரை 38, ரொம்பக் குறைவு. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார். ஆனால் எது கேட்டாலும் பதில் இல்லை. கேஸ் சீட்டில் 'குழப்ப நிலை' என்று எழுதினார்கள், நானும் நம்பினேன். விடியற்காலை மறுபடி மயக்கம்.

கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் தளர்ந்த வயதில், குளுக்கோஸ் ஏற்றிய பிறகும் சர்க்கரை திரும்ப இறங்கலாம். ஒரு நாளாவது விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டி அந்த மாத்திரையைப் போட்டுவிட்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்ததும், அவருடைய காது மிஷின் ஜன்னல் திட்டிலேயே இருந்துவிட்டதும் இல்லத்துச் சமையல்கார அக்காவுக்குத் தெரிந்திருந்தது. காலை பத்து மணிக்குத்தான் போனில் அவரைப் பிடித்தோம். பாட்டி பிழைத்துக்கொண்டார். இருந்தாலும், காது கேட்காத ஒருவரைக் குழம்பியவர் என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தனியே விட்டது இன்றும் என்னை உறுத்துகிறது.

தாளில் பேர், வயது, நோய்கள், ஒவ்வாத மருந்து, கடைசியாக எந்த மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், சொந்தக்காரர் போன் நம்பர். இவற்றைவிட முக்கியமாக, நேற்று வரை அவர் எப்படி இருந்தார் என்று எழுதுங்கள். தானாக நடந்தாரா, ஆளை அடையாளம் தெரிந்ததா? வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ வந்தால் காய்ச்சலே இல்லாமல் போகலாம், திடீர்க் குழப்பம் மட்டும்தான் தெரியும். 'நேற்று நன்றாகப் பேசினார்' என்ற ஒரு வரி இல்லாவிட்டால், முதுமை மறதி என்று விட்டுவிடக்கூடும்.

நம் ஊர்த் தூரமும் இருக்கிறது. இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரைக்கு எழுதிவிட்டால் இன்னும் 110 கிலோமீட்டருக்கு மேல். வண்டி மாறும், டியூட்டி மாறும், மாறுகிற இடத்திலெல்லாம் வாய்வார்த்தையாகச் சொன்னதில் பாதி போய்விடும்.

அப்புறம், திரும்பி வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கி, எந்த மாத்திரையை நிறுத்தினார்கள் என்று கேட்டு, அன்றைக்கே தாளில் திருத்துங்கள்.

தாளை ஒரு பையில் போட்டுக் கட்டில் தலைமாட்டில் மாட்டி வையுங்கள். எழுதத் தெரிந்தவர் ராத்திரியில் இல்லையென்றால் மாத்திரை அட்டைகளை அப்படியே அதில் போட்டு அனுப்புங்கள். கண்ணாடி, பல்செட், காது மிஷினும் அதிலேயே.

அன்புடன்,
ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி