ஃபைன் கட்டினா கேஸ் முடிஞ்சிரும்னு சொல்றாங்களே, அது பத்தி

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல ஹெம்ப், அதாவது நாருக்கும் விதைக்கும் வளக்குற போதை கம்மியான கஞ்சாச் செடி, அந்த விவசாயம் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, உத்தரகாண்ட்ல 2018லேர்ந்தே லைசென்ஸ் குடுக்குறாங்க, செடியில போதை ஏத்துற டி.எச்.சி. 0.3 சதவீதத்தத் தாண்டக்கூடாதுன்னு விவரமா போட்டிருந்தீங்க. நல்லா இருந்துச்சு சார். ஆனா அந்த லைசென்ஸ் வாசல்ல யாரைத் திருப்பி அனுப்புவாங்கன்னு ஒரு வரி இல்ல. நான் மேயோ ஹால் கோர்ட் பக்கம் இருபத்திரண்டு வருஷமா அஃபிடவிட் டைப் பண்றவன், எனக்கு அந்த ஒரு வரிதான் கண்ணுல நிக்குது.

எங்க ஸ்ரீராமபுரத்துல ஒரு பையன், மரச்செக்கு எண்ணெய்க் கடை வெச்சிருக்கான். 2021ல எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.ங்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதை, விதை எண்ணெய் எல்லாம் உணவா விக்கலாம்னு சொன்னதுலேர்ந்து அவனுக்கு அதுலயே கண்ணு, வடக்க ஒருத்தரோட சேர்ந்து செடி போடுறதுலேர்ந்தே பண்ணலாம்னு பேச்சு. அந்தக் கூட்டாளி கேட்டது ஒண்ணே ஒண்ணு, போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட். ஃபார்ம் நிரப்ப எங்கிட்ட வந்தான். "எப்பவாவது கோர்ட்ல தண்டனை உண்டா"ங்கிற கட்டம் வந்ததும் கை நின்னுடுச்சு. பையிலேர்ந்து மடிச்சு மடிச்சு நைஞ்சு போன ஒரு ஜெராக்ஸ் எடுத்தான். 2015ல, அவனுக்கு 21 வயசு, ஃப்ரெண்ட்ஸோட ஒரு மாடியில கஞ்சா இழுத்துட்டு மாட்டினது. என்.டி.பி.எஸ்.ங்கிற போதைப்பொருள் சட்டத்துல பிரிவு 27, அதாவது போதைப்பொருள் உபயோகிச்ச குத்தம், ஃபைன் 5,000 ரூபா. ஆர்டர்ல கன்னடத்துல ‘தப்பொப்பிகே’ன்னு போட்டிருக்கு, குத்தத்த ஒத்துக்கிட்டான்னு அர்த்தம். அவன் என்னையப் பாத்து கேக்குறான், "அண்ணா, ஃபைன் கட்டிட்டா கேஸ் குளோஸ்னுதானே வக்கீல் சொன்னாரு?"

கேஸ் குளோஸ்தான் தம்பி, ஆனா நீ குற்றவாளின்னு எழுதித்தான் குளோஸ் பண்ணாங்க. இத அவங்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல.

இதுல என் வயித்தெரிச்சல் என்னன்னா, வேற வழி இருந்துச்சு. 1985 என்.டி.பி.எஸ். சட்டத்துல 33ஆவது பிரிவு, பதினெட்டு வயசு தாண்டினவனுக்கு இந்தச் சட்டத்துல ப்ரொபேஷன், அதாவது தண்டனை குடுக்காம நன்னடத்தை பாண்டுல விடுறது, கிடையாதுங்குது, ஆனா 26, 27 ரெண்டு பிரிவுக்கு மட்டும் விலக்கு குடுத்திருக்கு. அதாவது இழுத்ததுக்கு மட்டும் கேஸ்னா, நன்னடத்தை பாண்டு எழுதிக் குடுத்துட்டு வெளிய வரலாம்னு கேக்கலாம், ஜட்ஜ் குடுக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா கேக்கலாம். அப்படி விட்டுட்டாங்கன்னா 1958 ப்ரொபேஷன் சட்டத்தோட 12ஆவது பிரிவு, அந்தத் தண்டனையால வர்ற தகுதியிழப்பு இவனுக்கு ஒட்டாதுன்னு சொல்லுது. இதே பையன் பாக்கெட்ல பத்து கிராம் இருந்து, கஞ்சா வெச்சிருந்ததுக்கான பிரிவு 20ல எழுதியிருந்தா அந்தக் கதவும் கிடையாது. ஸ்டேஷன்ல ரைட்டர் எந்த நம்பர எழுதினாரோ அதுல இருக்கு பத்து வருஷம் கழிச்சு வர்ற பிழைப்பு. கோர்ட்ல அன்னிக்கு இருந்த கூட்டத்துல, ஒரே மூச்சுல ஒத்துக்கோ, கட்டு, கிளம்புன்னு முடிச்சிட்டாங்க.

ஹெம்ப்புக்கு ஒவ்வொரு மாநிலமும் ரூல் எழுதறப்ப என்ன எழுதுவாங்கன்னு யோசிச்சா எனக்கு அபின் சாகுபடி ஞாபகம் வருது. ம.பி., ராஜஸ்தான், உ.பி. விவசாயிங்களுக்கு வருஷா வருஷம் மத்திய அரசு போடுற நிபந்தனையில, என்.டி.பி.எஸ். கேஸ்ல கோர்ட்ல சார்ஜ் ஆகியிருக்கவே கூடாதுன்னு இருக்கு. தண்டனை கூட வேணாம், சார்ஜே போதும். அபினுக்கு அவ்வளவு கெடுபிடி சரின்னு கூட ஒத்துக்கிறேன், ஆனா போதையே ஏறாத நாருக்கும் விதைக்கும் அதே வரிய காப்பி அடிச்சா என்ன நியாயம். சட்டத்தோட வரையறைப்படி தலைப்பூவோட சேராத தனி விதையும் இலையும் கஞ்சாவே இல்ல சார், அந்த இலைய அரைச்சுப் பண்ற பாங் இந்த வரையறைக்குள்ள வராதுன்னு 2022ல நம்ம கர்நாடக ஹைகோர்ட்டே ஒரு ஜாமீன் ஆர்டர்ல சொல்லிருக்கு.

நியூயார்க்ல நேர் தலைகீழா பண்ணாங்க. அங்க கஞ்சாவையே கடையில விக்கலாம்னு 2021 மார்ச் 31ல சட்டம் வந்துச்சு, முதல் கடை லைசென்ஸ யாருக்குன்னு வெச்சாங்கன்னா, அந்தத் தேதிக்கு முன்னால கஞ்சா கேஸ்ல தண்டனை வாங்கினவனுக்கு, இல்ல அவன் பெத்தவங்க, பொண்டாட்டி, புள்ளைங்களுக்கு. சும்மா தூக்கிக் குடுக்கல, லாபத்துல ஓடின ஒரு வியாபாரத்துல பங்கு இருந்திருக்கணும்னும் கேட்டாங்க. 2022 நவம்பர்ல முதல் 36 லைசென்ஸ். அப்புறம் எங்கள ஏன் விட்டீங்கன்னு முன்னாள் ராணுவத்தினர் கேஸ் போட்டு 2023ல கோர்ட் தடை எல்லாம் வந்துச்சு, அது வேற ராமாயணம். அது அமெரிக்கா, இங்க அப்படியே கேக்குற அளவுக்கு நான் பைத்தியம் இல்ல. முன்னுரிமை வேணாம். சாகுபடிக்கு அனுமதி குடுக்குற அதிகாரம் 10ஆவது பிரிவுல மாநிலத்துக்கு இருக்கு, அதனால நாளைக்கு கர்நாடகாவுல ரூல் எழுதினா, பிரிவு 27 கேஸையும் சின்ன அளவு கேஸையும் அஞ்சு வருஷம் தாண்டினா கணக்குல எடுக்காதீங்க, இருபது கிலோ கடத்தினவனையும் ஒரு பீடி இழுத்தவனையும் ஒரே கட்டத்துல அடைக்காதீங்கன்னுதான் கேக்குறேன்.

ஞாயித்துக்கிழமை நீங்க போடுற சட்டக் கேள்வி-பதில் பகுதியில இந்த 27, 33 விஷயத்த ஒரு நல்ல வக்கீல விட்டு எழுத வையுங்க சார். ஃபார்ம் இன்னும் என் டிராயர்லதான் கிடக்கு, அந்த ஒரு கட்டம் மட்டும் காலி.

இப்படிக்கு,
ஒரு கோர்ட் டைப்பிஸ்ட், ஸ்ரீராமபுரம், பெங்களூரு