ஏரிக்கரைச் சத்திரத் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மதுராந்தகம் வட்டத்தில், நம் ஊர் ஏரிக்கரையில் பாழடைந்து கிடந்த அன்னச் சத்திரத்தின் திருப்பணி இனிதே நிறைவுற்றது. கண்ணகி நகர், பெரும்பாக்கம் குடியிருப்புகளின் பிள்ளைகள் இங்கே தங்கி, வயலில் இறங்கி, விளைந்ததை உண்ண வேண்டும் என்று பொதுக்குழு எடுத்த தீர்மானமும் நடைமுறைக்கு வந்துவிட்டது. சென்னையின் ஆற்றோரங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் அவை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையை விட்டுப் பெரும்பாக்கம் போனவர்கள் பலர். எட்டு மாடிக் கட்டடத்தில் வளரும் பிள்ளைக்குக் கீரைப்பாத்தி போட மண் ஏது?

கூரைதான் காலத்தையும் பணத்தையும் அதிகம் வாங்கியது. தேக்குச் சட்டங்களின்மீது சிறு செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் அது. இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்று சிலர் சொன்னார்கள், குழு இசையவில்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்தே பூசினோம். கோடையில் அறை குளுமையாக இருப்பதை வந்து பாருங்கள். கிணறு தூர்வாரப்பட்டது. சமையற்கட்டும் கழிப்பறைகளும் புதியவை.

ஆவணியில் சீரகச் சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டபோது வந்த பிள்ளைகளையே நடவுக்கும் தை அறுவடைக்கும் அழைத்தோம். ஒருநாள் சுற்றிக் காட்டி அனுப்பிவிட்டால் விவசாயம் வேடிக்கையாகவே நின்றுவிடும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். விதைநெல்லை ஊறவைத்து, நீர் வடித்துக் கட்டிவைத்த சாக்குக்குள் கைவிட்ட சிறுமி ஒருத்தி, உள்ளே இருந்த சூட்டில் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். “நெல்லுக்குக் காய்ச்சலா?” என்று கேட்டாள். முளைவிடும் விதை மூச்சுவிடும், அதில் வெப்பம் பிறக்கும் என்று நம் மூத்த விவசாயி ஒருவர் விளக்கினார். அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளையும் கைவிட்டுப் பார்த்தே தீர வேண்டும் என்று வரிசையில் நின்றது. தையில் அதே வயலின் அரிசி வெந்தபோது, தட்டில் ஒரு பருக்கையும் மிஞ்சவில்லை.

பிள்ளைகளிடம் கட்டணம் எதுவும் வாங்கப்படாது. இதில் குழு ஒருமனதாக இருக்கிறது.

தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு சத்திரத் திண்ணையில் ஒட்டப்பட்டுள்ளது. சுற்றுச்சுவரின் வடபுறம் மட்டும் பாக்கி, மழைக்குமுன் முடித்துவிடுவோம். கறவை மாடு வைத்திருக்கும் உறுப்பினர்கள், விடியற்காலையில் பிள்ளைகளுக்குப் பால் கறக்கக் கற்றுக்கொடுக்க இசைந்தால், செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்