டர்ன்பெரி பயணம்: ஞாயிறுக்குள் பெயர் தாருங்கள்

செம்பூர் கோல்ஃப் நண்பர்களுக்கு வணக்கம்.

ஜூன் பயணத்துக்கு ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியை முடிவு செய்துவிட்டோம். 1906இல் ரயில் கம்பெனி ஒன்று கடலைப் பார்த்தபடி மேட்டில் கட்டிய ஹோட்டல் அது. இரண்டு உலகப் போர்களிலும் அதன் மைதானம் விமானத் தளமானது, பிறகு மீட்டெடுத்தார்கள். 1977 ஓப்பன் கோல்ஃப் போட்டியில் டாம் வாட்சன் ஜாக் நிக்லாஸை ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் வென்றது இங்கேதான். அந்தப் புல்லில் நாமும் ஆடப்போகிறோம் என்பதை நினைத்தாலே மனம் பொங்குகிறது!

செலவு அதிகம்தான், அறையை இருவர் பகிர்ந்தால் சமாளிக்கலாம். மும்பையில் ஏழரைக்கே இருட்டிவிடும். அங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், மாலையிலும் ஆடலாம். கடற்காற்று பலமாக வீசும், மழைக்கோட்டு அவசியம். விசாவுக்கு மார்ச்சிலேயே விண்ணப்பியுங்கள். கோல்ஃப் ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றிதழும் தயாராக இருக்கட்டும்.

குடும்பத்தினர் வருவதானால் அதையும் சேர்த்து ஞாயிறு இரவுக்குள் இங்கே எழுதுங்கள்.