ஒரு காது கேளாத பிள்ளைகளுக்காக: ஊர்ப் பொதுமக்களுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சேரன்மகாதேவி பக்கத்து ஆற்றங்கரை ஊர்கள் சில சேர்ந்து இந்தக் கமிட்டியைத் தொடங்கியிருக்கிறோம். நம் தொடக்கப் பள்ளிகளில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் காது சோதனை செய்வது, ஒரு காது கேளாத பிள்ளைகளுக்கு வகுப்பில் வேண்டியதைச் செய்து கொடுப்பது, இதுதான் வேலை. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கட்டின கையோடு இன்னொரு நோட்டீஸா என்று மடித்து வைத்துவிடாதீர்கள்.

“ஒரு காதுதானே, இன்னொண்ணு நல்லா இருக்குல்லா?” என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வீட்டில் எதிரே உட்கார்ந்து பேசினால் பிள்ளை சரியாகவே பதில் சொல்லும். அதனாலேயே பள்ளிக்கூடம் போய்ச் சில வருஷம் ஆகும்வரை பலருக்கு இது தெரிவதில்லை.

சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதையும் ஒப்பிட்டுத்தான் கண்டுகொள்கிறது. வலப்பக்கத்துச் சத்தம் இடக் காதுக்குப் போய்ச் சேர, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பிந்தும். நடுவில் தலை மறைப்பதால் கொஞ்சம் மங்கவும் செய்யும். ஒரு காது கேட்காவிட்டால் இந்த ஒப்பீடு கிடையாது. லாரி எந்தப் பக்கம் ஹாரன் அடிக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. விளையாட்டில் யார் கூப்பிட்டார்கள் என்று புரியாமல் முழிக்கும்; நாளடைவில் விளையாடவே போகாது. கேளாத பக்கமிருந்து பேசினால் ‘ச’, ‘ஸ’ போன்ற சன்னமான ஒலிகள் பாதி வழியிலேயே அடிபட்டுப் போகும். இரைச்சலில் வேண்டிய பேச்சைப் பிரித்தெடுப்பதற்கும் இரண்டு காது வேண்டும்.

இப்போது நம் ஈராசிரியர் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். ஒரே ஹாலில் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும், நாலாம் வகுப்பு செய்யுள் ஒப்பிக்கும். சுவரும் தளமும் வெறும் சிமெண்ட், சத்தம் முட்டி முட்டித் திரும்பும். மேலே ஃபேன், வெளியே ரோடு. அதற்குள் டீச்சர் குரலை ஒற்றைக் காதால் பிடித்துப் பிடித்து, சாயங்காலம் பிள்ளை சோர்ந்து வரும். கவனமில்லாத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத திமிர் என்று பெயர் வாங்குவதும் இங்கேதான்.

1980-களில் அமெரிக்காவில் ஃபிரெட் பெஸ், ஆன் மேரி தார்ப் என்ற இருவர் இப்படிப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்தபோது, 35 சதவீதம் பேர் ஒரு வகுப்பிலாவது தேறாமல் தங்கி மறுபடியும் படித்திருந்தார்கள். 2010-ல் அமெரிக்க மருத்துவர் ஜூடித் லியூ குழுவினர் ஒரு காது கேளாத பிள்ளைகளை அவர்களுடைய உடன்பிறப்புகளோடேயே ஒப்பிட்டார்கள். பேச்சுமொழித் திறனில் இவர்கள் பின்தங்கியிருந்தது தெரிந்தது. ஒரே வீட்டு வளர்ப்பு என்பதால் ‘வீடு சரியில்லை’ என்று தள்ளிவிட முடியாது. எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகிவிடும் என்று பயமுறுத்தவில்லை. நன்றாகப் படித்து மேலே வருகிறவர்களும் நிறைய.

அரசு உதவி கிடைக்காதா என்றால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் செவித்திறன் குறையை இரண்டு காதையும் வைத்தே கணக்கிடுகிறது. காது மந்தம் என்பதற்கே இரு காதிலும் 60 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) இழப்பு வேண்டும். ஒரு காது மட்டும் அடியோடு போன பிள்ளை இந்தக் கணக்கில் வராது. பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி நூறு வருஷம் தாண்டி நடக்கிறது, நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் இந்தப் பிள்ளைகள் அங்கே சேரவேண்டியவர்களும் இல்லை. நம் பள்ளியிலேயே படிக்க வேண்டியவர்கள். ஆகவே ஊர்தான் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு வேண்டியது ஆறு லட்சம் ரூபாய். ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்கும் ஆடியோமீட்டர் கருவிக்கும், சோதிக்க வரும் நிபுணரின் படிப்பணத்துக்கும் ஒரு பகுதி போகும். பெரும்பகுதி வகுப்பறைகளுக்கு: ஹாலைப் பிரிக்கத் தடுப்பு, சுவரில் சத்தத்தை உறிஞ்சும் பலகை, பெஞ்சுக் காலுக்கு ரப்பர். டீச்சர் சட்டையில் மாட்டும் வயர்லெஸ் மைக்கும், டீச்சர் குரலைப் பிள்ளையின் நல்ல காதில் மெதுவாகச் சொல்லும் சிறு கருவியும் வாங்க மீதி. நல்ல காது டீச்சர் பக்கம் இருக்கும்படி உட்கார வைப்பதற்குக் காசு வேண்டாம். அதை ஆசிரியர்கள் நாளைக்கே செய்யலாம்.

குறை தெரியவரும் பிள்ளைகளை பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்கு நாங்களே கூட்டிப் போவோம். பிறவியிலேயே நரம்பு வளராதது, பொன்னுக்கு வீங்கி வந்து போனதில் கேட்கும் திறன் போனது இதெல்லாம் திரும்பாது. காதில் சீழ் வடிவதால் வந்த குறையைப் பெரும்பாலும் சரிசெய்யலாம். தாய்மார்களே, அதுவரை எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். சீழ் வடியும் பிள்ளையை ஆற்றில் முங்கவும் விடாதீர்கள்.

பத்து ரூபாயும் வாங்குவோம், ரசீது உண்டு. சென்னை, மும்பை, வளைகுடாவில் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் கொடைக்கு வரும்போது தரலாம், அல்லது கமிட்டியின் வங்கிக் கணக்கில் போடலாம். பணமாக முடியாதவர்கள் தச்சுவேலை, கொத்துவேலையாகத் தரலாம். வரவு செலவு ஒவ்வொரு மாதமும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். சந்தேகம் இருப்பவர்கள் ரசீதோடு வந்து கேளுங்கள்.

இப்படிக்கு,
காது நலக் கமிட்டியினர்