ரெட்ரோல பேசினதை அப்ரைசலுக்குக் கொண்டு போகாதீங்க: மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு திறந்த மடல்

டெலிவரி பொறுப்புல இருக்குற எல்லாருக்கும் வணக்கம்.

ஒவ்வொரு ஸ்பிரின்ட் (சில வார வேலைச் சுற்று) முடிஞ்சதும் எது நல்லா போச்சு, எது சரியில்லன்னு டீமா உக்காந்து பேசறதுதானே ரெட்ரோ, போன ரெட்ரோக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், முழுசா திரும்பச் சொல்லப் போறதில்ல. டீம்ல புதுசா சேந்த பொண்ணு, "அந்த மாட்யூல் எனக்குப் புரியல, கேக்கத் தயக்கமா இருந்துச்சு, அதான் ரெண்டு ஸ்டோரி (பிரிச்சுக் குடுத்த சின்ன வேலை) அடுத்த ஸ்பிரின்ட்டுக்குத் தள்ளிப் போச்சு"ன்னு மனசு விட்டு சொன்னாங்க. அவங்க சொன்னதாலதான், இனிமே புதுசா வர்றவங்க கூட சீனியர் ஒருத்தர் உக்காந்து ரெண்டு பேரும் சேந்தே கோட் எழுதற பேர் புரோகிராமிங் (pair programming) பண்ணணும்னு அன்னைக்கே முடிவு பண்ணோம். ரெட்ரோ இருக்குறதே இதுக்குத்தானே. ஆனா அதே பேச்சு அவங்க அப்ரைசல்ல "தனியா வேலை செய்யத் தெரியல"ன்னு வந்து நின்னுச்சு.

அதுலருந்து யாரும் வாயைத் திறக்கறதில்ல. "எல்லாம் நல்லா போச்சு"ன்னு போர்டுல எழுதிட்டு எழுந்து போயிடறாங்க, தினமும் நடக்கற ஸ்டாண்ட்அப் மீட்டிங்ல பிளாக்கர் (வேலையைத் தடுக்கற சிக்கல்) எதுவும் இல்லன்னு சொல்லிட்டு ராத்திரி தனியா மெசேஜ் பண்ணி உதவி கேக்குறாங்க. ரிலீஸ் நேரத்துல எல்லாம் சேந்து வெடிச்சா, ஏன் முன்னாடியே சொல்லலன்னு எங்களையே கேக்குறீங்க. முன்னாடியே சொன்னவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எல்லாரும்தான் பாத்தாங்களே!

நாங்க கேக்கறது ஒண்ணுதான். ரெட்ரோல பேசினது அப்ரைசலுக்குப் போகக்கூடாது.

சாஃப்ட்வேர் டீம் எப்படி வேலை செய்யணும்னு 2001ல 17 பேர் சேந்து எழுதின அஜைல் மேனிஃபெஸ்டோ எடுத்த உடனே சொல்றதே ப்ராசஸ், டூல்ஸை விட மனுஷங்களும் அவங்க கலந்து பேசறதும் முக்கியம்னுதான். அதுல ஒருத்தரான அலிஸ்டர் கோபர்ன் தன்னோட கிரிஸ்டல்ங்கிற அஜைல் முறையில, பயப்படாம உண்மையைப் பேசற பாதுகாப்பை ஒரு நல்ல டீமோட அடிப்படைகள்ல ஒண்ணா வச்சிருக்கார். இங்க நமக்கு போர்டு இருக்கு, சார்ட் இருக்கு, செரிமனின்னு சொல்ற மீட்டிங் எல்லாம் இருக்கு, அந்தப் பாதுகாப்பு மட்டும் இல்ல. டெய்லி ஸ்கிரம், அதாவது அந்த ஸ்டாண்ட்அப், டெவலப்பர்கள் தங்களுக்குள்ள அன்னைக்கு வேலையைத் திட்டம் போட்டுக்கற 15 நிமிஷம், அதையும் மேனேஜருக்கு ஸ்டேட்டஸ் ஒப்பிக்கிற மீட்டிங்கா மாத்தியாச்சு. ஸ்டோரி பாயின்ட் வேலையோட அளவைக் குத்துமதிப்பா சொல்றதுக்கு, அதை ஆளுக்கு ஆள் கூட்டிப் பாத்து யாரு கம்மின்னு ரேங்க் போட்டா அடுத்த ஸ்பிரின்ட்ல எல்லாரும் எஸ்டிமேட்டை ஏத்தித்தான் சொல்லுவாங்க, அப்புறம் அந்த நம்பரை வச்சு உங்களாலயும் எதையும் பிளான் பண்ண முடியாது.

சரி, இதெல்லாம் தனியா உக்காந்து பேச வேண்டியது. இப்போதைக்கு தயவுசெஞ்சு ரெண்டு விஷயம் மட்டும் பண்ணுங்க. அந்தப் பொண்ணோட அப்ரைசல்லருந்து அந்த வரியை எடுத்துடுங்க. ரெட்ரோல பேசறது எதுவும் யாரோட ரேட்டிங்குக்கும் போகாதுன்னு எல்லாருக்கும் ஒரு மெயில் போடுங்க. அடுத்த ரெட்ரோக்கு முன்னாடி அந்த மெயில் வந்தா ரொம்ப நன்றியா இருக்கும்.

இப்படிக்கு,
உங்க டீம்ல ஒரு டெவலப்பர்