அண்ணாந்து பார்க்கும் முகப்பு விளக்குகள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம். வேலூரில் ஹெல்மெட் பேரணி நடக்கிறது, கல்லூரிப் பிள்ளைகள் பதாகை பிடித்துக்கொண்டு போகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதெல்லாம் பகல் பத்து மணிக்கு நடப்பது. இருட்டில் வண்டி ஓட்டுகிறவன் படும் பாட்டையும் யாராவது பேச வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பத்தொன்பது வருஷமாகப் பால் வேன் ஓட்டுகிறேன். விடியற்காலை நாலு மணிக்குக் காலி கேன்களோடு புறப்படுவேன். சாயங்காலப் பாலை ஒடுகத்தூர்ப் பக்கத்து ஊர்களில் ஏற்றிக்கொண்டு அணைக்கட்டு, ஊசூர், அரியூர் வழியாக வேலூர் போய்ச் சேர ராத்திரி எட்டு, ஒன்பது ஆகிவிடும். ஆகக் காலை ஓட்டத்தில் பாதியும் ராத்திரி ஓட்டம் முழுக்கவும் இருட்டில்தான்.

போன மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன். ஊசூருக்கு முன்னால், ரோட்டோரம் புளியமரங்கள் வரிசையாக நிற்கும் இடம். லேசான பனி. எதிரே ஒரு ஜீப் வந்தது. அதன் விளக்கு மஞ்சளாக இல்லை, வெல்டிங் பொறி மாதிரி நீலம் கலந்த வெள்ளை. இரண்டு முறை டிம் அடித்துக் காட்டினேன், இறக்கவில்லை. அது என்னைத் தாண்டிய பிறகு, கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் திட்டைத் தவிர எதுவும் இல்லை. புளியமரத்தில் அடித்திருக்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைகூடத் தெரியவில்லை. எண்ணி மூன்று நொடி இருக்கும். திட்டு கரைந்தபோது, பத்தடி தூரத்தில் தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெரியவர் என்னைப் பார்த்து நடந்து வருகிறார். பிரேக்கை மிதித்த மிதியில் பின்னால் கேன்கள் ஒன்றோடொன்று மோதின, ஒரு கேனின் மூடி கழன்று பால் கொட்டியது. வண்டியின் இடது முனை அவருடைய புல்லுக்கட்டை உரசி நின்றது. அவர் மேல் படவில்லை.

இறங்கி ஓடினேன். "ஏன் தாத்தா, வண்டி வர்றது தெரியலையா?" என்று பதற்றத்தில் கத்திவிட்டேன். அவர் கட்டைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னார்: "பின்னாடி அவன் லைட்டு, முன்னாடி உன் லைட்டு. கண்ணத் தொறக்க வுட்டாத்தானே தம்பி தெரியும்? நான் எங்க போறது?"

ஜீப்காரனைத் திட்டிக்கொண்டு இறங்கியவன் நான். என் லைட்டும் அப்படித்தான் என்று அவர் சொன்னது இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் ஊர் பால் சொசைட்டிச் சுவருக்கு எதிரே, சமதரையில், 25 அடி தள்ளி வேனை நிறுத்தினேன். விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். லோ பீம், அதாவது டிம் வெளிச்சம் போட்டால், அதன் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு இரண்டு, மூன்று அங்குலம் கீழே விழ வேண்டும். நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுகிறோம் என்பதால் இடது ஓரத்தில் மட்டும் அந்த விளிம்பு கொஞ்சம் மேலே ஏறும். ரோட்டோரம் நடப்பவர் தெரிவதற்கான ஏற்பாடு அது. என் வண்டியில் விளிம்பு என்று ஒன்றுமே இல்லை. சுவர் முழுக்க, மேலே ஓட்டுக்கூரை வரைக்கும் வெளிச்சம் பரவிக் கிடந்தது. அதுவும் லோ பீமில்.

காரணம் இரண்டு. முதலாவது பல்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், வெளிச்சம் பத்தவில்லை என்று கடையில் எல்.இ.டி. பல்பு வாங்கி நானே மாட்டியிருந்தேன். பழைய ஹாலோஜன் பல்பைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தேன், இப்போது அதை எடுத்து உற்றுப் பார்த்தேன். எச்4 என்று கேட்டு வாங்குவோமே, 60/55 வாட்ஸ், அதுதான். உள்ளே இரண்டு இழை. லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகடு, கிண்ணத்தைப் பாதியாக வெட்டியது போல. இத்தனை வருஷம் மாற்றியிருக்கிறேன், எதற்கு அந்தத் தகடு என்று யோசித்ததில்லை. அது வெளிச்சத்தைக் கீழ்ப்பக்கம் போகவிடாமல் மறைக்கிறது. அதனால் விளக்குக்குள் பல்பைச் சுற்றி இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தின் மேல் பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு ரோட்டை நோக்கி இறங்குகிறது. அந்த இழை இருக்க வேண்டிய இடம் மயிரிழை சுத்தமாகக் கணக்குப் பார்த்து வைத்தது. மலிவான எல்.இ.டி. பல்பில் வெளிச்சம் வரும் புள்ளி அதே இடத்தில் உட்காருவதில்லை, மறைப்பும் சரியாக இருப்பதில்லை. வெளிச்சம் நாலா பக்கமும் சிதறி, எதிரே வருகிறவன் கண்ணில் போய் விழுகிறது. எல்.இ.டி. கெட்டது என்று நான் சொல்லவில்லை. கம்பெனியிலேயே எல்.இ.டி.க்கென்று செய்த விளக்கு வேறு, ஹாலோஜனுக்குச் செய்த கிண்ணத்துக்குள் நாம் எல்.இ.டி.யைச் செருகுவது வேறு.

இரண்டாவது பாரம். 40 லிட்டர் கேன் முப்பது ஏறினால் பால் மட்டுமே 1,200 கிலோவுக்கு மேல். பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் தூக்கும், விளக்கு அண்ணாந்து பார்க்கும். காலையில் காலி வண்டியில் சரியாக இருந்த வெளிச்சம் ராத்திரியில் எதிராளியின் முகத்துக்கு ஏறிவிடுகிறது. கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் மூட்டை என்றால் அதைத் திருப்பி விளக்கை இறக்க வேண்டும். எனக்குத் தெரிந்த கார்க்காரர்கள் பலரிடம் கேட்டேன். அது எதற்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். கெடுவதற்கு ஒரு நொடி போதும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறது. மூன்று நொடி என்றால் 50 மீட்டர் தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதுதான். வயசானவர்களுக்கு, அதிலும் கண்புரை தொடங்கியவர்களுக்கு, கண்ணுக்குள்ளேயே வெளிச்சம் சிதறும், பார்வை திரும்ப இன்னும் நேரமாகும். ராத்திரி ஓட்டுவதற்கு என்று ரோட்டோரம் விற்கும் மஞ்சள் கண்ணாடியை வாங்கி ஏமாறாதீர்கள். கண்ணுக்கு வரும் கொஞ்சம் வெளிச்சத்தையும் அது குறைக்கிறது. எதிரே விளக்கு கூசினால் வேகத்தைக் குறைத்து, ரோட்டின் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். பதிலுக்கு ஹை பீம் போட்டால் இரண்டு பேரும் குருடர்கள், நடுவில் நடந்து போகிறவர் பாடு என்ன?

பெங்களூர் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா பக்கம் போனால் நடுவில் அரளிச் செடி வைத்திருக்கிறார்கள். பலரும் அழகுக்கு என்று நினைக்கிறார்கள். எதிர்ப்பக்க வெளிச்சத்தை மறைப்பதும் அதன் வேலை. அரளியை ஆடு மாடு வாய் வைக்காது, வெயிலையும் தாங்கும், சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பட்டுப்போன இடத்தில் திரும்ப நட வேண்டும். ஆனால் எங்கள் ஒடுகத்தூர் ரோட்டுக்கோ, பௌர்ணமி தோறும் கிரிவலத்துக்கு வண்டி வண்டியாகப் போகும் கண்ணமங்கலம், போளூர் ரோட்டுக்கோ நடுவில் செடி வைக்க எங்கே இடம்? புரட்டாசியில் சித்தூர் ரோட்டில் கோவிந்தா சொல்லிக்கொண்டு ராத்திரியெல்லாம் திருப்பதிக்கு நடக்கிறவர்களுக்கு யார் மறைப்பு வைப்பது? கரும்பு வெட்டுக் காலத்தில் அம்முண்டி ஆலைக்குப் போகும் டிராக்டர்களின் பின்விளக்கைத் தொங்கும் கரும்பே மூடியிருக்கும். எதிர் வெளிச்சத்தில் அந்த டிராக்டர் நம் கண்ணுக்கு இல்லவே இல்லை. இந்தத் தை, மாசியில் எருது விடும் விழா பார்த்துவிட்டுத் திரும்பும் பைக்குகளைச் சொல்லவே வேண்டாம், மூன்று பேர் உட்கார்ந்தால் பைக் விளக்கும் வானத்தைத்தான் பார்க்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி இதற்கென்றே இருக்கிறது. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலது பக்கம் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவர் கண் இருந்தால், அந்தக் கண் கூசக் கூடாது. அப்படி ஒளி கீழே சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டுநர் அதை இறக்க வழி இருக்க வேண்டும். ஒரு காலத்தில் முகப்பு விளக்கின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள், பெயின்ட் அடித்தார்கள். எல்.இ.டி. சிதறலுக்கு அந்தப் பொட்டு எந்த மூலைக்கு?

என் வேனாவது எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுப் பரிசோதனைக்குப் போகிறது. சொந்த உபயோகத்துக் காரும் பைக்கும் வாங்கியதிலிருந்து 15 வருஷம் வரைக்கும் அந்தப் பரிசோதனைக்கே போவதில்லை. ஆனால் புகைப் பரிசோதனைக்கு, ஒரு வருஷம் தாண்டிய பெட்ரோல், டீசல் வண்டியெல்லாம் வந்தாக வேண்டும் அல்லவா? அங்கேயே ஒரு வெள்ளைச் சுவர், தரையில் 25 அடி தள்ளி ஒரு கோடு. ஐந்து நிமிஷ வேலை. புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். பல்பு விற்கிற கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள்: இந்த வண்டியின் கிண்ணத்துக்கு இது பொருந்தாது என்றால், பொருந்தாது என்று சொல்லி அனுப்புங்கள்.

நான் பழைய ஹாலோஜனுக்கே திரும்பிவிட்டேன். கிண்ணத்தைத் துடைத்து, மங்கிப்போன முன்கண்ணாடியை மாற்றி, பாரத்தோடு நிறுத்திக் கோணத்தைத் திருகி இறக்கியதும் ரோடு முன்னைவிட நன்றாகவே தெரிகிறது. சொசைட்டிச் சுவரில் கோட்டை இப்போது பெயின்ட்டில் போட்டிருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பையன்கள் பதினொரு பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏழு வண்டியில் வெளிச்சம் கோட்டுக்கு மேலே. மூன்றை ஸ்க்ரூடிரைவரால் அங்கேயே சரிசெய்தோம். மீதி நாலுக்கும் பல்பையே மாற்ற வேண்டும், இந்த வாரம் வேலூரில் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பால் வேன் ஓட்டுநர் ஒருவர்,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.